பருவுக்கு ஆன்டிபயாடிக் மாத்திரை: முதல்முறை போடுபவர்களுக்கு

பருவுக்கு டாக்டர் எழுதிக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் எங்கள் பக்கம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்: டாக்ஸிசைக்ளின், இல்லையென்றால் அசித்ரோமைசின். சிலர் மினோசைக்ளின் எழுதுவதும் உண்டு. பாளையங்கோட்டையில் மருந்துக் கடையில் மருந்தாளுநராக நிற்கிறவன் நான். இந்த மாத்திரையை வாங்கிப் போகிற பிள்ளைகளில் பலருக்கு அதை எப்படிப் போடுவது, எதோடு சேர்க்கக் கூடாது, எப்போது நிறுத்துவது என்பது தெரிவதில்லை. கவுண்டரில் கூட்டம் நிற்கும்போது அத்தனையும் சொல்லி முடிக்கவும் முடிவதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது அதிகபட்சம் மூன்று, நான்கு மாதம் போடும் மாத்திரை. அதற்குப் பிறகு பருவைக் கட்டுக்குள் வைத்திருப்பது முகத்தில் தடவுகிற க்ரீம்தான். மாத்திரை தொடங்கும் நாளிலேயே, அது எப்போது நிற்கும் என்பதையும் டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மாத்திரை வேண்டிய பருவா?

தோலில் முடி முளைக்கும் துளைக்குள் எண்ணெய் சுரக்கும். வயசுக்கு வரும் காலத்தில் ஹார்மோன் கூடும்போது எண்ணெயும் கூடும். துளையின் வாயில் இறந்த தோல் செல்கள் அடைத்துக்கொள்ளும். உள்ளே தேங்கிய எண்ணெயில் கியூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்ற பாக்டீரியா பெருகும். அதோடு அழற்சியும் சேர்ந்தால் சிவந்து வீங்கும், சீழ் வைக்கும். ஆன்டிபயாடிக் கை வைப்பது இந்தக் கடைசிக் கட்டத்தில்தான். பாக்டீரியாவைக் குறைக்கும், அழற்சியை அடக்கும். அடைப்பை அது எடுக்காது. வாய்க்காலில் கிடக்கும் அடைப்பை விட்டுவிட்டு, கரை மீறிய தண்ணீரை மட்டும் இறைத்துக்கொண்டிருப்பது போலத்தான், க்ரீம் இல்லாமல் மாத்திரை மட்டும் போடுவது.

ஆகவே மூக்கில் கரும்புள்ளி, நெற்றியில் சின்னச் சின்ன வெண்புள்ளி, மாதவிடாய்க்கு முன்னால் வந்து போகும் ஒன்றிரண்டு பரு, இவற்றுக்கு மாத்திரை தேவையில்லை. க்ரீமே போதும். சிவந்து வலிக்கிற பரு கன்னம், தாடை என்று பரவலாக இருந்தாலோ, க்ரீம் எட்டாத முதுகிலும் நெஞ்சிலும் நிறைய இருந்தாலோ மாத்திரைக்கு வேலை இருக்கிறது. ஆழத்தில் கட்டி கட்டியாக வந்து குழி விழ ஆரம்பித்திருந்தால் தள்ளிப் போடாமல் தோல் டாக்டரைப் பாருங்கள். அதற்கு ஐசோட்ரெட்டினாயின் என்ற வேறு மருந்தை யோசிப்பார்கள்.

பரு போய்விட்ட இடத்தில் நிற்கும் பழுப்புத் தழும்பு பரு அல்ல. அந்தக் கறுப்பு போக வேண்டும் என்று ஆன்டிபயாடிக் கேட்டு வருகிறவர்கள் நிறையப் பேர். அதை எந்த ஆன்டிபயாடிக்கும் எடுக்காது. வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் மாதக்கணக்கில் மெல்ல மங்கும்.

பரு மாதிரியே தெரியும் வேறு இரண்டும் உண்டு. நெற்றி, நெஞ்சு, முதுகில் ஒரே அளவில் பொரிப்பொரியாக வந்து அரித்தால் அது பூஞ்சையாக இருக்கலாம். ஆன்டிபயாடிக் போட்டால் இன்னும் கூடும். இன்னொன்று, முகம் வெளுக்க என்று ஸ்டீராய்டு கலந்த க்ரீமைத் தடவித் தடவி வரும் பரு. ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு அறிவித்துவிட்டது. ஆனாலும் கல்யாண வீட்டுக்கு முன்னால் அக்கா கொடுத்தாள், பக்கத்து வீட்டு அத்தை கொடுத்தாள் என்று தடவுவது நிற்கவில்லை. தடவியிருந்தால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அந்த ட்யூபையே கையில் எடுத்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

யாரிடம் காட்டுவது, என்ன சொல்வது

எல்லாரும் ஹைகிரவுண்ட் என்று சொல்லும் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. காலையில் போய் ஓ.பி. சீட்டு போட்டுக் காட்டலாம். அம்பாசமுத்திரம், வள்ளியூர், திசையன்விளை பக்கத்துக்காரர்கள் முதலில் உள்ளூர் அரசு மருத்துவமனையில் காட்டிவிட்டுத் தேவைப்பட்டால் இங்கே வரலாம். வண்ணார்பேட்டையில் தனியார் தோல் டாக்டர்களும் இருக்கிறார்கள். எங்கே காட்டினாலும் சரி, நேராக மெடிக்கலுக்கு மட்டும் வராதீர்கள். "அண்ணாச்சி, எங்க அக்காவுக்குக் கேட்டுச்சுல்லா, அதே மாத்திரையில ஒரு அட்டை தாங்க" என்று வந்து நிற்கிற பிள்ளையை நான் திருப்பித்தான் அனுப்புகிறேன். அக்காவுக்குக் கேட்ட மாத்திரை உங்களுக்குக் கேட்க வேண்டும் என்பதில்லை. உங்களுக்குக் கெடுதலாகவும் முடியலாம். அட்டையின் பின்பக்கம் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு ஓடும், பார்த்திருப்பீர்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் போடக் கூடாத மருந்து என்பதற்கு அதுதான் அடையாளம்.

டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்ல வேண்டியவை சில உண்டு. கர்ப்பமாக இருந்தாலோ, குழந்தைக்கு முயற்சி செய்துகொண்டிருந்தாலோ, பால் கொடுத்துக்கொண்டிருந்தாலோ அதை முதலில் சொல்லுங்கள். டாக்ஸிசைக்ளினும் மினோசைக்ளினும் வயிற்றுப் பிள்ளையின் வளரும் பல்லிலும் எலும்பிலும் படியும். அதில் ஏறும் மஞ்சள் பழுப்புக் கறை அப்புறம் போகவே போகாது. எட்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்குப் பருவுக்கென்று இவற்றைக் கொடுக்காததும் இதனால்தான். கூடவே தடவச் சொல்லும் அடாப்பலீன் க்ரீமும் கர்ப்பத்தில் கூடாது. புதிதாகக் கல்யாணமான பெண்பிள்ளை மாமியார் பக்கத்தில் இருக்கிறார் என்று தயங்கிச் சொல்லாமல் வந்துவிடுவது உண்டு. தனியாகப் பேச வேண்டும் என்று டாக்டரிடம் கேட்கலாம், தப்பில்லை.

இதய நோய் இருந்தால் சொல்லுங்கள், அசித்ரோமைசின் இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக் கூடும். வலிப்பு மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, வைட்டமின் ஏ மாத்திரை எது போட்டாலும் சொல்லுங்கள். முன்பு ஏதாவது ஆன்டிபயாடிக் போட்டு உடம்பு தடித்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். மாதவிடாய் தள்ளித் தள்ளி வந்து, தாடையில் முடியும் பருவும் சேர்ந்து கூடினால் பி.சி.ஓ.டி., அதாவது சினைப்பை நீர்க்கட்டி, இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். ஜிம்முக்குப் போய்ப் புரோட்டீன் பவுடர் குடிக்கிற பையன்கள் அதையும் சொல்லிவிடுங்கள். பாலிலிருந்து எடுக்கும் வே புரோட்டீன் சிலருக்குப் பருவைக் கூட்டும்.

எழுந்து வருவதற்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த மாத்திரை எத்தனை வாரம்? கூடத் தடவ என்ன க்ரீம்? மறுபடி எப்போது வந்து காட்ட வேண்டும்? மாத்திரை மட்டும் எழுதி க்ரீம் எழுதாமல் விட்டிருந்தால், "தடவ ஒண்ணும் வேண்டாமா டாக்டர்?" என்று கேட்டுவிடுங்கள்.

கடையில்

அட்டையைக் கத்தரித்துக் கொடுக்கும்போது காலாவதித் தேதி அச்சடித்த மூலை கடைக்காரரிடமே நின்றுவிடும். தேதி தெரிகிற துண்டாகக் கேளுங்கள், இல்லையென்றால் பில்லில் தேதியைப் பாருங்கள். டாக்ஸிசைக்ளின் வகைக்கு இது முக்கியம். காலாவதியாகிக் கெட்டுப்போன டெட்ராசைக்ளின் (இதே குடும்பத்துப் பழைய மருந்து) சிறுநீரகத்தைப் பாதித்தது மருத்துவத்தில் பல காலமாகத் தெரிந்த விஷயம். பீரோவில் கிடக்கும் பழைய அட்டையைத் தொடவே வேண்டாம். வாங்கியதை வெயில் அடிக்கிற ஜன்னல் திண்டிலும் பைக் பெட்டியிலும் போட்டு வைக்காதீர்கள்.

காசு கட்டுப்படி ஆகாதவர்களுக்கு அரசு மருத்துவமனை இருக்கிறது, மக்கள் மருந்தகம் இருக்கிறது, 2025-இல் தமிழக அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகமும் இருக்கிறது. கம்பெனிப் பெயரைப் பார்க்காதீர்கள், மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் பாருங்கள்.

விழுங்குவது

டாக்ஸிசைக்ளினில் பிள்ளைகள் அதிகம் அவதிப்படுவது இந்த இடத்தில்தான். காலேஜ் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் மாத்திரையை வாயில் போட்டு, ஒரு மடக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு ஓடுவார்கள். மாத்திரை உணவுக்குழாயின் பாதியில் ஒட்டிக்கொண்டு அங்கேயே கரையும். அது அமிலத் தன்மை உள்ள மருந்து, ஒட்டிய இடத்தைப் புண்ணாக்கிவிடும். மறுநாள் எச்சில் விழுங்கினால்கூட நடுநெஞ்சில் சுருக்கென்று குத்தும். நெஞ்சுவலி என்று வீடே பதறி ஆஸ்பத்திரிக்கு ஓடும்.

ஆகவே உட்கார்ந்தோ நின்றோ போடுங்கள். பெரிய டம்ளர் நிறையத் தண்ணீர் குடியுங்கள். போட்ட பிறகு குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம் படுக்கக் கூடாது. ராத்திரி படுக்கப் போகும்போது ஞாபகம் வந்து போடுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். ராத்திரிச் சாப்பாட்டோடு என்று டாக்டர் சொல்லியிருந்தால் எட்டு மணிக்குச் சாப்பிட்டதும் போட்டுவிடுங்கள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். இட்லியோ தோசையோ சாப்பிட்ட பிறகு போடுங்கள். சாப்பாடு இதன் வேலையைப் பெரிதாகக் குறைத்துவிடாது.

எதோடு சேர்க்கக் கூடாது என்பதைக் கவனமாகப் படியுங்கள். கால்சியம், இரும்பு, மெக்னீசியம், அலுமினியம், துத்தநாகம், இவை டாக்ஸிசைக்ளினைப் பிடித்துக் கட்டிவைத்து ரத்தத்தில் சேரவிடாது. அப்படியே வெளியேறிவிடும். வயிற்று எரிச்சலுக்குக் குடிக்கும் ஜெலுசில், டைஜீன் வகை, சத்துக்குப் போடும் கால்சியம் மாத்திரை, பள்ளிக்கூடத்தில் வாரம் ஒருநாள் கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை எல்லாம் இந்தக் கணக்கில் வரும். இரண்டுக்கும் நடுவே இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு டாக்ஸிசைக்ளின், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரும்பு மாத்திரை என்று வைத்துக்கொண்டால் தொல்லை இல்லை. பருவுக்காக இரும்பு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், ரத்தசோகை உள்ள பிள்ளைக்கு அது அவசியம்.

பாலும் மோரும் அந்த அளவுக்குக் கெடுக்காது, ஆனால் கொஞ்சம் குறைக்கும். "வயிறு காந்தும் மக்கா, மோரை ஊத்தி முழுங்கு" என்று ஆச்சி சொன்னால், தண்ணீரில் விழுங்கிவிட்டு மோரை மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊருக்கே உரிய இன்னொன்று பதநீர். கலயத்தில் சுண்ணாம்பு தடவித்தான் பதநீர் இறக்குகிறார்கள். சுண்ணாம்பு என்றால் கால்சியம். பங்குனி, சித்திரையில் காலையிலேயே பதநீர் குடிக்கிற பழக்கம் இருந்தால் அதற்கும் மாத்திரைக்கும் இதே இடைவெளி கொடுங்கள்.

அசித்ரோமைசினில் இத்தனை கட்டுப்பாடு இல்லை. பருவுக்கு அதைத் தினமும் கொடுக்காமல் வாரத்தில் மூன்று நாள் மட்டும் 500 மில்லிகிராம் என்று எழுதுவதுண்டு. எந்தெந்த நாள் என்று காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். வயிற்று எரிச்சல் மருந்தோடு இதையும் சேர்த்துப் போட வேண்டாம்.

ஒரு வேளை மறந்துவிட்டால் ஞாபகம் வந்ததும் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது.

வெயில்

டாக்ஸிசைக்ளின் போடுகிற உடம்பு வெயிலைத் தாங்காது. மற்ற நாளில் ஒன்றும் செய்யாத வெயில் மூக்கையும் கன்னத்தையும் கைமேல்பக்கத்தையும் சுட்டுச் சிவக்க வைக்கும். சிலருக்கு நகம் சதையை விட்டுக் கிளம்பிக்கூட வரும். திருநெல்வேலி வெயிலுக்கு இது சின்ன விஷயமல்ல. நடவுக்குப் போகிறவர்கள், கடலுக்குப் போகிற உவரி, இடிந்தகரைப் பிள்ளைகள், வெயிலில் நின்று கட்டட வேலை பார்க்கிறவர்கள் எல்லாரும் தங்கள் வேலை என்ன என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்குத் தக்கபடி மருந்தை மாற்றுவார்.

மற்றவர்கள் எண்ணெய்ப் பசை இல்லாத, எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத ஜெல் சன்ஸ்கிரீனைக் காலையில் தடவுங்கள். வியர்த்து வழிந்தால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பத் தடவ வேண்டும். பெண்பிள்ளைகள் குடை எடுத்துவிடுகிறார்கள், பையன்கள்தான் கூச்சப்படுகிறார்கள். கண்ணாடி இறக்கிய ஹெல்மெட்டும் முழுக்கைச் சட்டையுமாவது போடுங்கள். ஆனித் தேர் இழுக்க ரத வீதிக்குப் போகிற நாளில் தொப்பி இல்லாமல் போக வேண்டாம். தென்காசிப் பக்கம் சாரல் அடிக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள், மேகத்தைத் தாண்டியும் புற ஊதாக் கதிர் வரும்.

எலுமிச்சைச் சாறு தேய்ப்பதை அடியோடு நிறுத்துங்கள். எலுமிச்சை பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்பளித்துக் கறுத்துவிடும். பற்பசையும் வேண்டாம், சோடா உப்பும் வேண்டாம்.

க்ரீம்தான் நிலைத்து நிற்கும்

பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீத ஜெல், அடாப்பலீன் 0.1 சதவீத ஜெல் இரண்டையும் மாத்திரையோடு சேர்த்து எழுதுவது வழக்கம். முதலாவது பாக்டீரியாவைக் கொல்லும்; அதை எதிர்த்து நிற்கப் பாக்டீரியாவால் பழக முடிவதில்லை. ஆன்டிபயாடிக்கோடு அதைச் சேர்ப்பதே இதற்காகத்தான். வெறும் மாத்திரை மட்டும் மாதக்கணக்கில் போட்டால், மருந்துக்கு அடங்காத பாக்டீரியா உங்கள் தோலில் மிஞ்சும், வயிற்றுக்குள்ளும் மிஞ்சும். ஒரே வீட்டில் புழங்குகிறவர்கள் தோலுக்கும் அது தொற்றும். மலையடிவாரத்தில் புல்லிலும் புதரிலும் நடக்கிறவர்களுக்கு வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலுக்கும், எலிக்காய்ச்சலுக்கும் உயிர் காக்கக் கொடுப்பது இதே டாக்ஸிசைக்ளின்தான். சீட்டு இல்லாமல் அட்டை அட்டையாகப் போகிற பொருளல்ல அது.

அடாப்பலீன் துளையின் அடைப்பை எடுக்கும். ராத்திரி முகம் கழுவித் துடைத்து, ஈரம் காய்ந்ததும், பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்கப் பரப்புங்கள். பரு இருக்கும் இடத்தில் மட்டும் பொட்டு வைக்கிற மாதிரி வைத்தால் போதாது; இனி வரப்போகும் பருவையும் தடுக்க வேண்டும் அல்லவா. முதல் சில வாரம் தோல் உரியும், எரியும், பரு கூடின மாதிரிகூடத் தெரியும். பாதிப் பேர் இந்த இடத்தில்தான் கைவிடுகிறார்கள். விடாதீர்கள், ஒருநாள் விட்டு ஒருநாள் தடவி மெல்லப் பழக்குங்கள். எண்ணெய் இல்லாத மாய்ஸ்சரைசர் போடலாம். பென்சாயில் பெராக்சைடு பட்டால் கலர்த் துணி வெளுத்துவிடும். தலையணைக்கு வெள்ளை உறை போட்டு, வெள்ளைத் துண்டைத் தனியாக வைத்துக்கொண்டால் அம்மாவின் சேலை தப்பும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்தால் அது நெற்றிக்கு வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உடனே டாக்டரிடம் போக வேண்டியவை

லேசான குமட்டல், வயிற்றுப்போக்கு எல்லாருக்கும் வரக்கூடியதே. ஆனால் கீழே சொல்பவற்றில் எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே காட்டுங்கள்: பார்வை மங்குவதோடு சேர்ந்த கடுமையான தலைவலி, உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல், நிற்காத வயிற்றுப்போக்கு அல்லது மலத்தில் ரத்தம், விழுங்கும்போது நெஞ்சில் குத்துவது, கண் மஞ்சளாவது. பெண்களுக்கு அந்தரங்கத்தில் அரிப்பும் வெள்ளைப்படுதலும் வந்தால் அது பூஞ்சை. சுலபமாகச் சரியாகும், சொன்னால் போதும். மினோசைக்ளினில் தலைசுற்றல் வரலாம். நாள்பட்டால் தோலில் நீலச் சாம்பல் நிறம் ஏறும். மூட்டு வலியும் காய்ச்சலும் வந்தால் அலட்சியம் செய்யாதீர்கள்.

டாக்ஸிசைக்ளின் போடும்போது ஐசோட்ரெட்டினாயின் மாத்திரையைச் சேர்க்கவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் மூளையைச் சுற்றிய அழுத்தம் கூடும். இரண்டு டாக்டர்களிடம் மாறி மாறிக் காட்டுகிறவர்களுக்கு இந்த ஆபத்து உண்டு. பழைய சீட்டைக் கையில் கொண்டு போங்கள்.

வாரக் கணக்கும் நிறுத்துவதும்

முதல் இரண்டு வாரத்தில் கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. ஒரு மாதம் நெருங்கும்போது புதிதாக வருவது குறையும். ஆறு முதல் எட்டு வாரத்தில் போய்க் காட்டுங்கள். கேட்கிறதா இல்லையா என்று டாக்டர் அப்போது முடிவு செய்வார். கேட்கவில்லை என்றால் அதே மாத்திரையை இழுத்துக்கொண்டே போவதில் பலனில்லை, வழியை மாற்ற வேண்டும். கேட்டிருந்தால் பெரும்பாலும் பன்னிரண்டு வாரத்தில் நிறுத்துவார்.

ஒரு மாதத்தில் முகம் தெளிந்துவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். மூன்று மாதம் முடிந்தும், நின்றால் திரும்ப வந்துவிடுமோ என்ற பயத்தில் கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டே இருக்கவும் வேண்டாம். வருஷக்கணக்கில் போட்டவர்களுக்கு மூக்கையும் வாயையும் சுற்றி வேறு வகைப் பாக்டீரியாவால் திடீரென்று சீழ்க்கொப்புளம் கிளம்புவதுண்டு. மாத்திரை கேட்கவில்லை என்று நினைத்து இன்னும் கூட்டுவார்கள், அதுவும் கூடும்.

மாத்திரை நின்ற அன்று ராத்திரியும் அடாப்பலீன் தடவ வேண்டும். அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் தடவ வேண்டும். மிச்சம் இருக்கும் மாத்திரையைத் தங்கச்சிக்குக் கொடுக்காதீர்கள், சளிக்காய்ச்சலுக்கு என்று எடுத்து வைக்கவும் வேண்டாம். சில மாதம் கழித்துப் பரு திரும்பக் கிளம்பினால், எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எத்தனை வாரம் போட்டீர்கள், க்ரீமை எப்போது விட்டீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி, பழைய ஓ.பி. சீட்டோடு கொண்டு போங்கள். மறுபடி மாத்திரையா, ஐசோட்ரெட்டினாயினா, ஹார்மோன் வைத்தியமா என்று டாக்டர் முடிவு செய்ய அந்தத் தாள்தான் தேவைப்படும்.